விட்டுப்போன பதினாறு பீஸ்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அவளிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவளும் நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கற. ஆனா நாலு எடத்துல தப்பிருக்குது புள்ள" என்று போன் செய்வாள். அவள் நாலு என்றால் நாலுதான் இருக்கும். மூன்றோ ஐந்தோ இருக்காது.

நாங்கள் இருவரும் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தோம். கல்லூரி திருப்பூரில், பல்லடம் ரோட்டில் இருந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறவராக இருப்பார். என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் கட்டிங்கில், துணி வெட்டும் பிரிவில், வேலை பார்த்தார். அவளுடைய வீடு நல்லூரில். அவள் அம்மாவுக்கு செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். லீவு நாட்களில் அம்மாவோடு அவளும் போவாள். இது தெரிந்த நாளிலிருந்து வகுப்புப் பையன்கள் அவளை 'செக்கிங்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

முதல் செமஸ்டரில் ஒருநாள் மேடம் போர்டில் ஒரு ப்ரோகிராம் எழுதிப் போட்டார்கள். பத்துப் பேருடைய மார்க்கை வாங்கி வரிசையாகத் திரும்பக் காட்டும் ப்ரோகிராம். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். இவள் எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிசமுங்க மேடம்."

மேடம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த எடத்துல சமக்குறி வரக்கூடாதுங்க. வந்தா பதினொண்ணாவது தடவையும் ஓடுமுங்க."

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. லேபில் போட்டுப் பார்த்தால் தெரியும், உட்கார் என்றார்கள். மதியம் லேபில் போட்டுப் பார்த்தோம். பத்து மார்க்கும் ஒழுங்காக வந்தது. பதினொன்றாவதாக, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெரிய எண் திரையில் வந்து நின்றது. பையன்கள் கைதட்டினார்கள். இவள் மட்டும் சிரிக்கவில்லை. மேடத்தின் முகத்தைப் பார்த்து வருத்தப்பட்டாள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கிளாஸில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று என்னிடம் கேட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்றேன். அது எப்படி முடியும் என்பது போல என்னைப் பார்த்தாள்.

லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனால் ஏ.சி. குளிரில் பாதம் சில்லிட்டுப்போகும். கரண்ட் போனால் மூலையில் இருக்கும் யு.பி.எஸ். விடாமல் கத்தும். எனக்குக் கீபோர்டில் கை வைத்தால்தான் யோசனையே வரும். அவளுக்கு நேர்மாறு. அவள் அம்மாவின் கம்பெனியில் தூக்கிப் போடும் ஆர்டர் தாள்களை அடுக்கிக் கொண்டுவருவாள். அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, ப்ரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் எந்த இடத்தில் எந்த எண் நிற்கிறது என்று எழுதிக்கொண்டே வருவாள். ஆள்காட்டி விரல் வரிவரியாக இறங்கும். பத்து நிமிடம் இந்த வேலை முடியும்வரை என் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். நான் தவித்துப் போவேன். ஆனால் எங்கள் ப்ரோகிராம் முதல் தடவையே ஓடும். ஓடிய பிறகும் அவளுக்கு நிம்மதி இருக்காது. பூஜ்யம் கொடுத்தால் என்ன ஆகும், ஒன்றுமே கொடுக்காவிட்டால் என்ன ஆகும், கழித்தல் குறி போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பெல் அடிக்கும்வரை அதைப் போட்டுப் படுத்துவாள்.

இரண்டாம் வருடம் ஒரு இன்டர்னல் பரீட்சை. பேப்பர் திருத்திக் கொடுத்தார்கள். எங்களுடைய பெஞ்சிலேயே அவளுக்குத்தான் மார்க் அதிகம். அவள் பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து மேடத்திடம் போனாள். அவள் தப்பாக எழுதிய ஒரு விடைக்கு முழு மார்க் விழுந்திருந்ததாம். தன் பேப்பரைத்தான் காட்டினாள், வேறு யாரைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. ஆனால் மேடத்துக்குச் சந்தேகம் வந்து எல்லாப் பேப்பரையும் திரும்ப வாங்கிப் பார்த்தார்கள். அதே விடையை அதே மாதிரித் தப்பாகப் பதினோரு பேர் எழுதியிருந்தோம். அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருத்தி. எல்லோருக்கும் மூன்று மார்க் போனது.

ஒரு வாரம் வகுப்பில் யாரும் அவளோடு பேசவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தனியாக உட்கார்ந்திருந்தாள். நானும் இரண்டு நாள் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உன் மார்க்கைக் குறைத்துக்கொள்ள உனக்கு என்ன அவ்வளவு அவசரம் என்று கேட்டேன்.

"அது என்ற மார்க்கில்ல புள்ள" என்றாள். டப்பாவிலிருந்த தக்காளிச் சோற்றில் பாதியை என் மூடியில் வைத்தாள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தாள். அம்மா மீன்குழம்பு வைத்திருந்தாள். வந்தவர்களிடம் குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதும், எல்லோரும் அருமை என்பதும் எங்கள் வீட்டில் வழக்கம். அம்மா இவளிடமும் கேட்டாள். இவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, யோசித்து, உப்பு கொஞ்சம் கம்மியாக இருக்கிறது, புளி சரியாக இருக்கிறது என்றாள். நான் காலால் அவள் காலை மிதித்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்பங்கரைக்குப் போய்க் குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கல்லைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சேலை எடுத்தாலும், ஜாக்கெட் தைத்தாலும், "அந்தப் பிள்ளைட்ட காட்டணும். உள்ளதச் சொல்லும்" என்பாள். என்னிடம் காட்டினதே இல்லை.

மூன்றாம் வருடம் ப்ராஜெக்ட் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். பாதிப் பேர் டவுனில் ரெடியாகச் செய்து தரும் இடத்தில் வாங்கிவிட்டார்கள். நாங்கள் என் அப்பா வேலை பார்க்கும் கம்பெனிக்கே செய்வது என்று முடிவு செய்தோம். அந்தக் கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். அங்கே அதுவரை பேக்கிங் லிஸ்ட்டைக் கையால்தான் எழுதினார்கள். எந்த ஆர்டருக்கு எத்தனை பீஸ், ஒரு அட்டைப்பெட்டியில் எத்தனை, மொத்தம் எத்தனை பெட்டி என்பதுதான் அந்த லிஸ்ட். இதைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து கொடுத்தோம். மூன்று மாத வேலை. பேக்கிங்கில் ஒருநாள் முழுக்க நின்று எப்படி அடுக்குகிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள் என்று அவள் பார்த்து எழுதிக்கொண்டாள். மேனேஜர் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆர்டரிலிருந்து இதையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். என் அப்பாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு கெட்டிங்க" என்றார். அப்பா அன்று வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை சொன்னார். கட்டிங்கில் இருந்தவர்கள் அப்பாவைக் 'கம்ப்யூட்டர்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ப்ராஜெக்ட் வைவா அன்று காலை. வெளியிலிருந்து பரிசோதகர் வந்திருந்தார். நாங்கள் வராந்தாவில் எங்கள் முறைக்குக் காத்திருந்தோம். அவள் லேப்டாப்பை மடியில் வைத்து எதையோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் விரல் நின்றது.

"ஒரு நிமிசம் இரு புள்ள. ஆயிரம் பீஸுன்னு குடுத்தேன். பொட்டிக்கு இருவத்திநாலு. நாப்பத்தோரு பொட்டின்னு காட்டுது."

"சரியாத்தானே இருக்கு?"

"நாப்பத்தோரு பொட்டிக்குத் தொள்ளாயிரத்து எம்பத்திநாலுதான் வருது. மிச்சம் பதினாறு பீஸு எங்க?"

அதுவரை நாங்கள் போட்டுப் பார்த்த எண்கள் எல்லாம் மீதியில்லாமல் வகுபடுகிற எண்கள். மீதி வந்தால் எங்கள் ப்ரோகிராம் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டுப் போய்விடும். அந்த வரியை எழுதியது நான். அதைப் பேப்பரில் போட்டுப் பார்க்காமல் விட்டது தன் தப்பு என்றாள் அவள். உள்ளே போனதும் பரிசோதகரிடம் சொல்லிவிடலாம் என்றாள்.

கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. மொத்தத்தில் அறுபது சதவீதம் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். நான் அந்தக் கோட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். ப்ராஜெக்ட் மார்க் நன்றாக வந்தால் தாண்டுவேன். வராவிட்டால் இல்லை. அவளுக்கு அந்தக் கவலை கிடையாது. அவள் எழுபத்தைந்துக்கு மேல்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுருடி. எனக்காக. நாளைக்கே சரிபண்ணிக் குடுத்துருவோம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவள் லேப்டாப்பை மூடினாள். எங்களைக் கூப்பிட்டார்கள்.

பரிசோதகருக்கு ப்ராஜெக்ட் ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு கம்பெனியில் நிஜமாகவே ஓடப்போகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியாகப் பேனாவைத் திறந்துகொண்டே, இதில் ஏதாவது குறை உண்டா என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நான் இல்லை சார் என்றேன். அவர் அவளைப் பார்த்தார். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேருக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

மூன்று வருடத்தில் அவள் ஒரு தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது அந்த ஒருமுறைதான். அதை நான் கேட்டு வாங்கினேன்.

மறுநாளே சரிசெய்துவிட்டாள். ஒரு பென்டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தாள். கம்பெனி எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான், நான் கொடுப்பதுதானே சுலபம். நானும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் பழையதில் என்ன தப்பு என்று மேனேஜர் கேட்பார். கெட்டிக்காரப் பொண்ணு என்று சொன்னவரிடம் போய் அதை எப்படிச் சொல்வது, அப்பா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டேன். அவள் இரண்டு தடவை போனில் கேட்டாள். நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். மூன்றாவது தடவை, "குடுத்துட்டியா புள்ள?" என்றாள். "ம்" என்றேன். ஒரு எழுத்துப் பொய்.

இப்படியே இரண்டு வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். பேக்கிங்கில் ஒடிசாக்காரர் ஒருவர் இருந்தார், நாற்பது வயதுக்காரர். நான்கு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர். ஏதோ ஆடிட் வருகிறது என்று இடத்தைச் சுத்தம் செய்தபோது அவர் மேசைக்கு அடியில் ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. உள்ளே மடிப்புக் கலையாத எழுபது எண்பது பனியன். லிஸ்ட்டில் அந்தப் பீஸ் எதுவும் இல்லை. கேட்டால், எல்லா ஆர்டரிலும் லிஸ்ட்டில் சொன்ன பெட்டியைக் கட்டியது போக இது மிஞ்சுகிறது, யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன் என்றாராம். யாரும் நம்பவில்லை. திருட்டுப் பட்டம் கட்டி நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"அவன் ஒரு நூலு எடுக்க மாட்டான். நான் பாத்துருக்கேம்லா" என்றார் அப்பா.

என் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். பென்டிரைவ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காலையில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

எட்டரை மணிக்கு மேனேஜர் அறையில் நின்றோம். அவள்தான் பேசினாள். வகுபடாமல் மிஞ்சுவதை எங்கள் ப்ரோகிராம் விட்டுவிடுகிறது, சாக்கில் இருந்தது அந்த மிச்சம்தான் என்று ஆறு ஆர்டரின் லிஸ்ட்டை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். சாக்கில் இருந்த பீஸும் அவள் போட்ட மொத்தமும் ஒன்றாகவே இருந்தது. மேனேஜர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"இந்தத் தப்பு எனக்கு முன்னயே தெரியுமுங்க சார். தெரிஞ்சும் சொல்லாம உட்டுட்டனுங்க" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் தெரியும் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். என் வாய் திறக்கவில்லை.

மேனேஜர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி கண்ணு, அந்தாளத் திரும்பி வரச்சொல்லிக்கறேன். நீங்க போங்க" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவளுக்கு அது போதவில்லை. அந்த ஆள் எங்கே தங்கியிருக்கிறார் என்று வாட்ச்மேனிடம் கேட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

இரண்டு தெரு தள்ளி, ஒரே அறையில் ஆறு பேர். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தப்பு எங்களுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றாள். நான் கதவோரம் நின்றேன். அவர் முழுவதும் கேட்டார். நான்கு வருடத்தில் திருப்பூர்த் தமிழ் அவருக்கு நன்றாகவே வந்திருந்தது.

"வேலை பரவால்லீங்க. வேற கம்பெனில கெடைக்கும்" என்றார். பிறகு, "எம்பேரு? அது சரியாச்சுங்களா?" என்று கேட்டார்.

மேனேஜர் அறைக்குள் நடந்தது மேனேஜருக்குத்தான் தெரியும். அவர் மேசைக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்துப் போட்டதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அவரையும் கூட்டிக்கொண்டு திரும்பக் கம்பெனிக்கு வந்தோம். கேட்டில் அவரை உள்ளே விடவில்லை. "எங்ககூட வர்றாங்கண்ணா" என்று வாட்ச்மேனிடம் சொல்லி அழைத்துப் போனாள். பேக்கிங்கில் டீ நேரம். நாற்பது ஐம்பது பேர் டம்ளரும் கையுமாக நின்றார்கள். பக்கத்துக் கட்டிங்கிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். என் அப்பாவும் இருந்தார். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத இருபது வயதுப் பெண் நடுவில் போய் நின்றதும் பேச்சு அடங்கியது.

"ஒரு நிமிசம் கேளுங்க. இந்தண்ணன் எதையும் எடுக்கலீங்க. அந்தப் பீஸு லிஸ்ட்டுல வராமப் போனதுக்குக் காரணம் கம்ப்யூட்டருங்க. அதை நாங்கதான் செஞ்சு குடுத்தமுங்க. தப்பு இருக்குதுன்னு தெரிஞ்சும் நான் சொல்லலீங்க. அண்ணன் மேல ஒரு தப்புமில்லீங்க."

அவள் குரல் கடைசியில் உடைந்தது. ஆனாலும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள். பேக்கிங்கில் வயதான அம்மா ஒருத்தர் தன் டீயை அந்த ஒடிசாக்காரர் கையில் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதை வாங்கிக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். அப்பா கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் கதவருகே நின்றபடி தரையைப் பார்த்தேன்.

இரவு அப்பா, "ஒனக்கும் தெரியுமாட்டி?" என்று கேட்டார். நான் அந்தக் கணக்கைக் கவனிக்கவில்லை என்றேன். அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. கெட்டிக்காரப் பொண்ணு கதையையும் அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

அன்று அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, பென்டிரைவ் என் பையிலேயே கிடந்ததை ஏன் மேனேஜரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது உன்றது புள்ள. அதை நான் எப்படிச் சொல்றது?" என்றாள்.

"எம்மேல கோவமா?"

"உம்மேல இல்ல. நீ கேட்டதும் உட்டுட்டேன் பாரு, அதுதான்" என்றவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அதோடும் விடவில்லை. அடுத்த வாரம் துறைத்தலைவரிடம் போய், வைவாவில் குறையை மறைத்துவிட்டேன், என் ப்ராஜெக்ட் மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். மார்க் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டது, குறைக்கச் சொல்லி ஒருத்தர் வந்து கேட்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் சிரித்தாராம். அவள் வெளியே வந்து வராந்தாவில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததாக வகுப்பிலிருந்த ஒருத்தி பிறகு என்னிடம் சொன்னாள். அந்த மார்க்கோடு நான் அறுபதைத் தாண்டினேன். வேலைக்குச் சேர்ந்து பெங்களூர் வந்தேன்.

அதன்பிறகு போன் பேசுவது குறைந்தது. அவள் குறைக்கவில்லை, நான்தான் குறைத்தேன். அவள் குரலைக் கேட்டால் எனக்குக் கதவோரம் நின்றது ஞாபகம் வரும். அவள் திருப்பூரிலேயே, பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

சென்ற வருடம் ஊருக்குப் போயிருந்தபோது பழைய பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள். நேற்றுத்தான் பிரிந்த மாதிரி கையைப் பிடித்துக்கொண்டாள். உன் முடி ஏன் இப்படிக் கொட்டியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பேச்சோடு பேச்சாக அந்த ஒடிசாக்காரரைப் பற்றிச் சொன்னாள். அவர் அதற்குப் பிறகு ஒரு வருடம் அதே கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். அங்கே சொந்தமாகத் துணிக்கடை. பொங்கலுக்குப் பொங்கல் அவள் போன் செய்து பேசுகிறாள்.

"அதையெல்லாம் மறந்துட்டேன்னுதான் சொல்றாங்க. நாந்தான் கூப்புட்டுட்டே இருக்கறேன்" என்று சிரித்தாள்.

என்னை அவரிடம் பேசச் சொல்லவில்லை. நானாகத்தான் நம்பர் கேட்டேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, தன் போனிலிருந்து அனுப்பினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டேன். அவரே எடுத்தார். பெயரையும் கம்பெனியையும் சொன்னேன்.

"அன்னிக்கு எங்க ரூமுக்கு ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தங்க பேசினாங்க. ஒருத்தங்க கதவுகிட்டயே நின்னாங்க. நீங்க யாருங்க?"

மறந்துவிட்டதாகச் சொன்ன மனிதர் கேட்ட கேள்வி இது.

"கதவுகிட்ட நின்னது நான்தாங்க" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவளைப் பேசவிடாமல் கெஞ்சியது நான் என்பதைச் சொன்னேன். சரிசெய்த ப்ரோகிராம் இரண்டு வாரம் என் பையில் இருந்ததையும், நான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அந்தச் சாக்கே சேர்ந்திருக்காது என்பதையும் சொன்னேன். அப்பாவிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

நான் முடித்த பிறகு கேட்டார்.

"இது அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். அன்னைக்கே தெரியும்."

கடையில் யாரோ வந்து ஏதோ கேட்டார்கள். அவர் தன் மொழியில் இரண்டு வார்த்தை சொல்லி அவர்களை இருக்கச் சொன்னார். திரும்ப வந்தவரின் குரல் தணிந்திருந்தது.

"இத்தன வருசமா பேசறாங்க. ஒவ்வொரு தடவயும் எம்மேலதான் தப்புங்கண்ணான்னுதான் சொல்வாங்க. உங்களப் பத்தி ஒரு வார்த்தகூடச் சொன்னதில்லீங்க."